கடல்பாசிக்குள் மாதுளை

லேசர் என்றால் எதையும் இரண்டாக வெட்டிவிடும். கேசவ் கார்ட்டூனில் எத்தனை முறை பார்த்திருக்கிறான்! அதனால் ஆய்வுக்கூடத்தில் விஞ்ஞானி சுப்ரியா மேடம், "லேசர் வெளிச்சம் போட்டு உன் கைக்குள்ள பாக்கப்போறோம்" என்றதும், ஆறு வயதுக் கேசவ் வலது கையை இறுக மூடிக்கொண்டான். யார் கெஞ்சியும் திறக்கவில்லை.

அந்த உள்ளங்கையில் ஒரு சிவப்புக் கட்டி இருந்தது. ரத்தக் குழாய்கள் சுருண்டு வளர்ந்த கட்டி என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆழமாகப் போயிருந்தால் அறுவை சிகிச்சை. மேலாக இருந்தால் மருந்தே போதும். எவ்வளவு ஆழம் என்பதை இந்தப் புதுக் கருவி காட்டிவிடும். கையைத் திறந்தால்தானே!

"சனிக்கிழமை மறுபடி கூட்டிட்டு வாங்க" என்றார் சுப்ரியா மேடம்.

பிரேசர் டவுனில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் அம்மா அவன் மூடிய கையைத் தடவிக்கொண்டே வந்தார். தம்பியைத் திட்ட அக்கா ஷ்ரேயாவுக்கும் மனம் வரவில்லை. திட்டினால் பயம் போய்விடுமா என்ன?

வெள்ளிக்கிழமை அம்மா பால் ஊற்றி, இறுகினால் குலுங்கும் கடல்பாசி இனிப்பு காய்ச்சினார். ஷ்ரேயா விளையாட்டாக அதன்மேல் டார்ச் அடித்தாள். கிண்ணம் முழுவதும் நிலாவைப் போல் ஒளிர்ந்தது. ஆனால் உள்ளே ஒன்றும் தெரியவில்லை. டார்ச்சைத் தன் விரல்களுக்குப் பின்னால் பிடித்தாள். விரல்கள் செக்கச்செவேலென்று ஒளிர்ந்தன. உள்ளே ஒன்றும் தெரியவில்லை. அட, கையும் கடல்பாசியும் ஒன்றுதான்!

"கேசவ், இங்க வா. இது பாதி இறுகினதும் உள்ள மாதுளை முத்து ஒளிச்சு வை. எங்க வெச்சேன்னு என்கிட்டகூட சொல்லாத."

"எதுக்குக்கா?"

"நாளைக்கு லேசர் முதல்ல இதை வெட்டுதான்னு பாப்போம். வெட்டிச்சுன்னா உன் கையை நீட்ட வேணாம். நேரா வீட்டுக்கு வந்துடலாம். சத்தியம்!"

அம்மா திடுக்கிட்டு ஷ்ரேயாவைப் பார்த்தார்.

சனிக்கிழமை ஆய்வுக்கூட அறையில் விளக்கை அணைத்தார்கள். எல்லோருக்கும் கண்ணைக் காக்கப் பெரிய கண்ணாடி. கேசவின் கண்ணாடி மூக்கிலிருந்து வழுக்கிக்கொண்டே இருந்தது.

"அக்கா, நீ ஆந்தை மாதிரி இருக்க" என்றான். பயத்திலும் குறும்பு போகவில்லை.

கடல்பாசியின்மேல் பச்சை வெளிச்சம் மின்னி மின்னி மறைந்தது. குளத்துக்கு அடியில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது ஷ்ரேயாவுக்கு.

"வெளிச்சம் உள்ள போகும். சிவப்பா இருக்கறது அதை வாங்கிக்கிட்டு துளியூண்டு சூடாகும், துளியூண்டு விரியும். அப்போ ஒரு சத்தம் வரும்" என்றார் சுப்ரியா மேடம் மெதுவாக. "நம்ம காதுக்குக் கேக்காது. இந்தக் கருவிக்குக் கேக்கும். ஸ்வல்ப நேரம் பொறுங்க."

இருண்ட திரையில் ஒரு புள்ளி பூத்தது. பிறகு இன்னொன்று. அப்புறம் மூன்றாவது.

"இன்னும் ஒண்ணு இருக்கு. அது மாட்டாது!" என்றான் கேசவ்.

ஓர் ஓரத்தில், நன்றாகக் கீழே, நான்காவது புள்ளி மினுக்கியது.

"அடியில அமுக்கி வெச்சதைக்கூடக் கண்டுபிடிச்சிடுச்சே!"

கேசவ் கிண்ணத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஆட்டினான். கடல்பாசி குலுங்கியது. ஒரு கீறல்கூட இல்லை.

"சத்தம் மட்டும்தான் போடுமா?"

"ஆமாம்" என்றார் சுப்ரியா மேடம்.

கேசவ் யோசித்தான். அவன் விரல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கையைப் பச்சை வெளிச்சத்துக்கு நீட்டினான்.

திரையில் ஒரு குட்டி ஆறு தெரிந்தது. அதிலிருந்து கிளைகள் பிரிந்து வளைந்து சென்றன. கேசவின் கைக்குள் ரத்தம் இத்தனை நாளும் இவ்வளவு அழகாக ஓடிக்கொண்டிருந்ததா!

"மேலாகத்தான் இருக்கு. ஆழமாப் போகல" என்றார் சுப்ரியா மேடம்.

படத்தைப் பார்த்த டாக்டரும், "மருந்து போதும்" என்று போனிலேயே சொல்லிவிட்டார். அம்மா கண்ணாடிக்குள் விரலை விட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

திரும்பும்போது, அல்சூர் ஏரிப் பக்கம் ஆட்டோவில், கேசவ் உள்ளங்கையை அக்காவின் காதில் வைத்து அழுத்தினான்.

"கேக்குதா?"

ஷ்ரேயா கண்ணை மூடினாள். கை வெதுவெதுப்பாக இருந்தது.

"கேக்குது. ஆனா என்ன சொல்லுதுன்னு புரியல."

"எனக்குப் புரியுது. வீட்டுல மிச்சம் இருக்கற கடல்பாசி முழுக்க இந்தக் கைக்குத்தானாம்."

"சரின்னு சொல்லிடு" என்றாள் ஷ்ரேயா.

வீடு வந்து சேரும்வரை கேசவ் அந்தக் கையை மூடவே இல்லை.