சேறு காணாத வண்டி

போன் அலறியது.

ஞாயிறு காலை பத்து மணி. மலேசியாவின் கிள்ளான் நகரில், தன் வண்டிப் பட்டறையில் ஒரு ஜீப்புக்கு அடியில் படுத்திருந்த மலர்விழி, படுத்தபடியே போனைக் காதில் வைத்தாள்.

"மலர்விழியா? இன்ஸ்பெக்டர் பரமேஸ்வரன் பேசுறேன். டாக்டர் ஐங்கரன் காடிக்கு, அந்தப் புது ஃபோர் வீல் வண்டிக்கு, வின்ச் மாட்டுனது நீங்கதானே?"

"ஆமா துவான். பிரிக்பீல்ட்ஸ் பல் டாக்டர். என்னவாம் அவருக்கு?"

"செத்துட்டாரு."

மலர்விழியின் தலை ஜீப்பின் அடித்தகட்டில் மோதியது.

"நீங்க மாட்டுன வின்ச்தான் கொன்னிருக்கு! காப்பார் செம்பனைத் தோட்டத்துக்கு உடனே வாங்க. வீட்ல சொல்லிட்டு வாங்க. திரும்பிப் போறது சந்தேகம்!"

வின்ச்... வண்டியின் மூக்கில் உட்கார்ந்திருக்கும் மோட்டார். சேற்றில் சிக்கினால், கம்பிவடத்தைச் சுற்றி வண்டியை வெளியே இழுக்கும்.

அந்த வின்ச் யாரையும் கொல்லாது. அது அவளுக்குத் தெரியும்.

ஏன் கொல்லாது என்று சொன்னால்... பட்டறை போய்விடும்!

சொல்லாவிட்டால்... அவளே உள்ளே!

காப்பார் போகும் வழியெல்லாம் ஐங்கரனின் குரல் கேட்டது. மூன்று வாரத்துக்கு முன் பட்டறை வாசலில் வந்து நின்ற குரல்.

"அக்கா, புதுசா ஃபோர் வீல் வாங்கிட்டேன். முதல்ல என்ன மாட்டணும்?"

"ஒண்ணும் மாட்ட வேணாம் லா, டாக்டர். டயர மாத்துங்க. ரோட்டு டயர் சேத்துல வழுக்கும். அப்புறம் முன்னால பின்னால இழுக்கிறதுக்கு நல்ல கொக்கி. நாலு தடவ காட்டுக்குப் போய்ட்டு வாங்க. மத்தத பெறகு யோசிப்போம்."

"டயர் போட்டோல தெரியாதே!"

"எது தெரியணும்?"

"வின்ச். அப்புறம் கூரை மேல லைட்டு... எட்டு!"

"காட்டுல எட்டு லைட்டு எதுக்கு?"

"காடா? யாரு காட்டுக்குப் போறா? சனிக்கிழமை ஃபோர் வீல் கிளப் ஆளுங்களோட தோசை சாப்பிடப் போறோம்!"

அந்த ஐங்கரன் இப்போது செம்பனை நிழலில், வெள்ளைத் துணிக்கு அடியில் கிடந்தார். பக்கத்தில் கம்பிவடத்தின் கொக்கி. கொக்கியில் ரத்தம்!

வண்டியின் முன்சக்கரங்கள் சேற்றில் இருந்தன. ஓரமாக ஒருவன் விசும்பிக்கொண்டிருந்தான். யுகேந்திரன். இன்சூரன்ஸ் ஏஜென்ட். ஐங்கரன் சேர்ந்திருந்த கிளப்பின் தலைவர்.

"எனக்குச் சொன்னத இவங்களுக்கும் சொல்லுங்க," என்றார் பரமேஸ்வரன்.

"காடி சேத்துல மாட்டிக்கிச்சி. கம்பிய இழுத்து அந்த மரத்துல மாட்டுனோம். நான்தான் ரிமோட்ட அமுக்குனேன். ரெண்டடி வெளிய வந்துச்சி... அப்ப கொக்கி நழுவி... ஐயோ, அவன் தலையில! இந்தம்மா மாட்டுன லட்சணம்!"

"ரெண்டடி இழுத்துச்சா?" மலர்விழி மெதுவாகக் கேட்டாள்.

"சிங்கம் மாதிரி இழுத்துச்சி!"

"சத்தம்?"

"காது செவிடாப் போச்சி!"

மலர்விழி கண்ணை மூடினாள். திறந்தாள்.

"துவான், அந்த ரிமோட்ட அமுக்குங்க."

அமுக்கினார். ரிமோட்டில் சிவப்பு விளக்கு எரிந்தது.

அவ்வளவுதான்.

"பேட்டரி செத்துப்போச்சி போல!" யுகேந்திரன் முந்திக்கொண்டான்.

பரமேஸ்வரன் வண்டிக்குள் ஏறிச் சாவியைத் திருப்பினார். எஞ்சின் முதல் திருகலிலேயே உறுமியது. கூரைமேல் எட்டு விளக்கும் பளீரென்று எரிந்தன.

"அப்ப... இப்பத்தான் கெட்டுப்போயிருக்கும்!"

மலர்விழி பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். ஒரு திருகாணி... இரண்டு... மூன்று... நான்கு!

வின்ச்சின் மூடி கழன்றது.

உள்ளே, பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு செங்கல்!

"என்ன இது?" பரமேஸ்வரன் கத்தினார்.

"மோட்டார் இல்ல துவான். எடைக்குச் செங்கல்."

அவர் யுகேந்திரன் பக்கம் திரும்பினார்.

"செங்கல்லு... சிங்கம் மாதிரி இழுத்துச்சா?"

யுகேந்திரன் ஓடினான்!

நான்கே அடி. புத்தம்புதுக் காட்டு பூட்ஸ் சேற்றில் புதைந்தது. குப்புற விழுந்தான். இரண்டு போலீஸ்காரர்கள் அவனைப் பிடுங்கி எடுத்தார்கள்.

"அவன் என்ன பண்ணான் தெரியுமா துவான்?" சேற்றைத் துப்பியபடி அலறினான். "பிரிக்பீல்ட்ஸ் கார் பார்க்ல காட்டுக்குப் போன மாதிரி தெரிய நான் வாளியில சேறு கரைச்சி என் காடி மேல ஊத்துறத வீடியோ எடுத்து, கிளப் குரூப்ல போட்டுட்டான்! நூத்தி நாப்பது பேரு சிரிச்சாங்க! நான் தலைவரு துவான்!"

"அதுக்கு?"

"போட்டோ எடுக்கலாம் வாடான்னு கூட்டிட்டு வந்தேன். அந்தக் கொக்கியாலதான்... ஒரே அடி!"

அவனை இழுத்துச் சென்றார்கள். செம்பனைக்கடியில் இருவர் மட்டும் நின்றார்கள்.

பரமேஸ்வரன் நோட்டைத் திறந்தார்.

"கொலைக் கேஸ் முடிஞ்சிது. இப்ப உங்க கேஸ். டாக்டர்கிட்ட முழு வெல வாங்குனீங்களா?"

"வாங்குனேன்."

"இந்த மாதிரி எத்தன பேருக்கு?"

"அஞ்சு வருஷமா விக்கிறேன் துவான். ஒருத்தர்கூடக் கண்டுபிடிக்கல. ஒருத்தரும் சேத்துல இறங்குனதில்ல."

மலர்விழி இரண்டு கைகளையும் நீட்டினாள். விலங்குக்காக.

விலங்கு வரவில்லை.

பரமேஸ்வரன் முன்னும் பின்னும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா..."

"என்ன துவான்?"

"போன வருஷம் அம்பாங்ல ஒரு கடையில... என் சொந்தக் காடிக்கு வின்ச் போட்டேன். சாமான் கிள்ளான்லேர்ந்து வருதுன்னான்."

"அம்பாங்குக்கு சப்ளை நான்தான்."

இன்ஸ்பெக்டரின் பேனா நின்றது.

"மோசடின்னு எழுதுனா," மலர்விழி பணிவாகக் கேட்டாள், "நான் வித்த வின்ச்செல்லாம் ஆதாரமா ஸ்டேஷனுக்கு வரணுமில்ல? எல்லாரும் பாக்குற மாதிரி?"

அவர் கண் முன்னால் ஸ்டேஷனே சிரித்தது. நோட்டை மூடினார்.

"டாக்டர் கேட்டாரு. அழகுக்கு மட்டும் மாட்டுனீங்க. கோர்ட்ல அவ்ளோதான் சொல்லணும். இனிமே செங்கல் வித்தீங்க... தொலைச்சிருவேன்!"

"சத்தியமா இல்ல துவான்!"

அவர் நான்கடி போனார். திரும்பி வந்தார்.

"என் காடில இருக்கிறது... ஒண்ணும் ஆகாதே?"

"காட்டுக்குப் போவீங்களா?"

"சேச்சே! காய்கறி வாங்க பாசாருக்கு... கோயிலுக்கு..."

"அப்ப கவலைய விடுங்க துவான். ஆயுசுக்கும் ரிப்பேரே வராது!"