நாலு விரல் உயரம்

டமால்!

ஜூலை பதினாலு, பிரெஞ்சு தேசிய தினம். காலை எட்டு மணி. காரைக்காலில் சொல்தா வீட்டு வாசல் முழுக்க வெள்ளைப் புகை… புகைக்குள் ஓர் அலறல்!

"அய்யோ… தம்பீ!"

புகை விலகியது. கொடிக்கம்பத்தின் கீழே சோமசேகரன் மல்லாந்து கிடந்தான். நெஞ்சில் ஓட்டை!

அலறியவள் அவன் அக்கா சாரதாம்பாள். கையில் பழைய நாட்டுத் துப்பாக்கியோடு விறைத்து நின்றவர் அவள் புருஷன் அமிர்தலிங்கம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருபது வருஷம் இருந்தவர். ஊருக்கு அவர் சொல்தா. வருஷம் தவறாமல் இந்தத் தேதியில் கொடியேற்றி, வெறும் மருந்து கெட்டித்து ஒரு வேட்டு போடுவார்.

இந்த வருஷம் வேட்டோடு மைத்துனனும் போய்விட்டான்.

இன்ஸ்பெக்டர் தையல்நாயகி வந்தாள். எல்லோர் மேலும் சந்தேகப்படுவாள். கண்ணாடி பார்த்தால்கூட இரண்டு கேள்வி கேட்பாள்.

"மருந்து மட்டும்தான் போட்டேன் மேடம்… சத்தியமா!" என்றார் அமிர்தலிங்கம்.

"அப்ப குண்டு எங்கேருந்து வந்துச்சு?"

பிணத்தருகே இருந்த ஏட்டு மருதையன் கத்தினார்.

"மேடம்! செத்தவன் பாக்கெட்டைப் பாருங்க!"

மூன்று ஈயக் குண்டுகள். மீன்வலையில் கட்டுகிறவை. நகக்கண்ணெல்லாம் கரிமருந்து!

"இவனேதான் நேத்து கெட்டிச்சிருக்கான் மேடம். ஈயத்தைப் போட்டு அடைச்சா, பழைய குழாய் வெடிச்சு சொல்தா மூஞ்சி சிதறிடும்னு திட்டம்!"

"வீட்டை எழுதிக் குடுன்னு ஒரு மாசமா ரகளைங்க…" சாரதாம்பாள் விம்மினாள். "அந்தத் துருப்புடிச்ச கட்டை ஒருநாள் அத்தானைக் கொல்லும்னு சொல்லிக்கிட்டே இருந்தான்…"

"தன் வினை தன்னைச் சுடும்னு சும்மாவா சொன்னாங்க? சுட்டே போட்டுடுச்சு!" என்றார் மருதையன்.

தையல்நாயகி சிரிக்கவில்லை. கொடிக்கம்பத்தின் உச்சியைப் பார்த்தாள். பிணத்தைப் பார்த்தாள்.

"ஏம்மா, வழக்கமா எங்க பாத்து சுடுவாரு?"

"வானத்தைப் பாத்துதாங்க…"

சொன்னவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

தையல்நாயகி தன் பிஸ்டலை உருவிக்கொண்டு அமிர்தலிங்கத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இதுல ஒரே மூச்சுல பத்து குண்டு போடலாம். அந்தக் கட்டையில அப்படி என்னங்க இருக்கு?"

கிழவரின் கண் பளிச்சிட்டது!

"கட்டைன்னு சொல்லாதீங்க! நூத்தம்பது வருஷத்து இரும்பு. உங்களுது திறந்து பாத்தா குண்டு இருக்கா இல்லியான்னு காட்டிக் குடுத்துடும். இது வாயே திறக்காது. நாமதான் குழாய்க்குள்ள இந்தக் கெட்டிக்கிற கம்பியை விட்டுக் கேக்கணும். காலியா இருந்தா கம்பி இந்தக் கோடு வரைக்கும் முழுகும். யாராச்சும் கெட்டிச்சிருந்தா, நாலு விரல் வெளியில நிக்கும்!"

"கேக்காம என்னைக்காச்சும் சுட்டிருக்கீங்களா?"

"நாப்பது வருஷத்துல ஒரு தடவைகூட இல்ல!"

"இன்னைக்கு…?"

கிழவரின் கை கம்பியின் கோட்டை மூடியது. தையல்நாயகியே சொன்னாள்.

"கம்பி நாலு விரல் நின்னுச்சு. யாரு வேலைன்னு புரிஞ்சுது. ஸ்டேஷனுக்கு வராம, குழாயை வானத்துலேருந்து அவன் நெஞ்சுக்கு இறக்கிட்டீங்க. அந்தக் கம்பி சொன்னதை எங்ககிட்ட சொல்லியிருந்தா, இப்ப ஜெயில் கம்பியை எண்ண வேண்டாம்ல?"

சாரதாம்பாள் புருஷனையே பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. துப்பாக்கியைப் பதமாகச் சுவரில் சாய்த்துவிட்டு இரண்டு கைகளையும் நீட்டினார்.

"குழாய் வெடிச்சிடும்னு அவன் நம்புனான் மேடம். வெடிக்காதுன்னு எனக்குத் தெரியும்."

மருதையன் விலங்கை எடுத்தார். ஒரே துரு!

"மேடம்… இது அரதப்பழசு. பூட்டுமான்னே தெரியல…"

அமிர்தலிங்கம் சிரித்தார்.

"பூட்டும் தம்பி… பழசை நம்பு!"