பின்வாசலிலிருந்து வந்த இணைப்பு

திரையில் ஒரு வரி அதிகமாக இருந்தது.

சிவசங்கரி முதலில் அதைப் பொருட்படுத்தவில்லை. ஜவ்வாது மலையில், அப்பன் வீட்டு நடுக்கூடத்தில் உட்கார்ந்தபடி சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு அவள் பார்க்கும் வேலையே இப்படி வரும் வரிகளைக் கவனிப்பதுதான். தூர தூர இருக்கும் கணினிகள் வேறு யாரும் எட்டிப் பார்க்காதபடி பேசிக்கொள்ள இணையத்துக்குள் போடும் மறைவழியை டன்னல் என்பார்கள். எந்த டன்னல் திறந்திருக்கிறது, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, உள்ளே எவ்வளவு போகிறது என்று ஒரு மென்பொருள் வரிவரியாகக் காட்டும். தெரியாத வரி வந்தால் மூட வேண்டும். மூடினாள். வந்தது. மறுபடி மூடினாள். மறுபடி வந்தது.

அது தொடங்கிய இடம் கண்ணமங்கலம். முடிந்த இடம் இந்த வீடு. இந்த முனையிலிருந்த கருவியின் பெயர் செல்லி.

மதியமே மூடுபனி இறங்கி, கூடத்துக்குள் விளக்கு போட வேண்டியிருந்தது. தகரத்தில் மழை ஒரே சீராகத் தட்டிக்கொண்டிருக்க, அடுப்பிலிருந்து வந்த சாமைச் சோற்று வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனை, மழை நனைத்த மண்ணுடையதல்ல, ஆழத்திலிருந்து அப்போதுதான் வெட்டியெடுத்த மண்ணுடையது, பின்கதவின் கீழ்ச்சந்து வழியாக மெல்லத் தரையோடு ஊர்ந்து வந்துகொண்டிருந்தது.

"இன்னாமே, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி கீது? வேலைய வுட்டுத் தூக்கிட்டானுங்களா?" என்றார் அப்பன் முனியன், புளியங்கொட்டையை நீக்கிக்கொண்டே.

"நைனா, அக்காவோட போன எங்க வெச்சீங்க?"

அவர் கை நின்றது. "யாருக்கு அக்கா? எனக்கு ஒரே பொண்ணு."

முனியன் அந்த ஊர் நாட்டாண்மை. அவர் அப்பனும் நாட்டாண்மை. அந்த வீட்டில் ஒரு சொல் சொல்லப்பட்டால் அது மலையைப் போல நிற்கும். மூத்தவள் செல்லி, படவேடு திருவிழாவில் பார்த்த கண்ணமங்கலத்துப் பழனியோடு போனபோது, அந்தக் குடும்பத்து முறைப்படி அவள் செத்தவளாக்கப்பட்டாள். சாமைத் தாளில், கதிர் அறுத்த வைக்கோலில், உருவம் கட்டி, அவள் துணியைச் சுற்றி, பின்கொல்லையில் குழி வெட்டிப் புதைத்து, கருமாதி செய்து தலை முழுகினார்கள். செத்தவர் பொருள் வீட்டில் தங்கக்கூடாது என்பதும் முறை. அதனால் அவள் விட்டுப்போன போனும் அந்தக் குழிக்குள் போனது.

மண்ணுக்குள் மூன்று மழைக்காலம் கிடந்த போன்.

சிவசங்கரி திரையைப் பார்த்தாள். அந்த வரியில் இந்தப் பக்கமிருந்து எதுவும் போகவில்லை. அங்கிருந்து மட்டும் வந்தது. எண் கொஞ்சம் ஏறும். நிற்கும். ஏறும். நிற்கும். அந்தத் தாளம் அவளுக்கு எங்கோ பழக்கமானது போலிருந்தது.

போனில் 'கேஸ் ஏஜென்சி' என்று மறைத்து வைத்திருந்த எண்ணை, அப்பன் பார்க்கப் பார்க்கவே அழுத்தினாள்.

"அக்கா?"

"சங்கரி…" செல்லியின் குரல் தேய்ந்திருந்தது. "காலையிலேர்ந்து மூச்சு வாங்குதுடி. வாயெல்லாம் மண்ணு ருசி. உங்க மாமா ஆட்டோ கூட்டியாரப் போய்க்கீறாரு."

மூச்சு இழுத்தாள். திரையில் எண் ஏறியது. விட முடியாமல் நிறுத்தினாள். எண் நின்றது.

"உடம்பு காத்தாட்டம் ஆயிட்டு வருது. யாரோ உள்ளேர்ந்து உருவுறாப்பல கீது…"

சிவசங்கரி எழுந்து ஓடி ரவுட்டரின் ஒயரைப் பிடுங்கினாள். அதன் விளக்குகள் அணைந்தன. திரையிலிருந்த மற்ற வரிகளெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்தன.

அந்த ஒரு வரி இருந்தது.

எண் வேகமாக ஏறியது.

"நைனா! குழியத் தோண்டணும். அக்கா போய்டும் நைனா!"

"மூடுன குழிய நாட்டாண்மை தோண்டுனான்னு ஊர் பேசட்டுமா?" அவர் முதுகு வளையவில்லை. "செத்தவ செத்தவதான்."

"செத்தவ எழுந்து நடக்கக் கூடாதுன்னு கால் கட்டவெரல சேத்துக் கட்டுவீங்களே. கட்டுனீங்களா?"

முனியன் அவளைப் பார்த்தார். முதல்முறையாக அந்தக் கண்ணில் ஏதோ அசைந்தது. "தாளு பொம்மைக்கு இன்னாத்துக்குமே கட்டணும்?"

பின்கொல்லையில் ஈர மண் சரிந்தது.

பிறகு மழை மட்டும்.

பிறகு, மழையல்லாத ஒரு சத்தம். சேற்றில் ஒரு கால். நின்று, இன்னொரு கால்.

"அக்கா? பேசுக்கா. அக்கா!"

போனில் மூச்சில்லை. திரையில் அந்த வரி தானாக மூடிக்கொண்டது.

போனில் யாரோ ஓடிவரும் சத்தம். பழனி. "சங்கரிம்மா… செல்லி எங்கம்மா? பாயில புடவை கீது. தாலி கீது. உள்ள வெறும் தாளு… சாமைத் தாளும்மா…"

பின்கதவு தட்டப்பட்டது. மெதுவாக. வீட்டுப் பெண் தட்டுவதுபோல.

"நைனா."

செல்லியின் குரல்தான். மூச்சுத் திணறல் இல்லை.

"தொறக்காதீங்க நைனா. கும்புடறேன்" என்றாள் சிவசங்கரி.

முனியன் எழுந்தார். வேட்டியை இறுக்கிக் கட்டினார். துண்டை உதறித் தோளில் போட்டார். தாழ்ப்பாளை நீக்கினார்.

மூடுபனிக்கு முன்னால் அவள் நின்றாள். அன்று போனபோது இருந்த வயது. மட்கிய தாவணி. கழுத்து வெறுமையாக இருந்தது.

முனியன் அந்தக் கழுத்தைத்தான் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அவர் முகம் தெளிந்தது.

"தனியாதான் வந்துகீறா" என்றார், ஊருக்கே சொல்வதுபோல. "உள்ள வாம்மா."

அவள் வாசற்படியில் கால் வைத்தாள். தங்கையைப் பார்த்துச் சிரித்தாள். வாய் திறக்கத் திறக்க, உள்ளிருந்து கறுப்பு மண் அவர் வெள்ளைத் துண்டின்மேல் பொலபொலவென்று கொட்டியது. அவர் அதைத் தட்டிவிடவில்லை. அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.