பொருந்தா உறுப்பு

“அப்பாவையா கழத்தச் சொன்னேன்? அவரு சில்லத்தான—”

“ரெண்டும் ஒண்ணுதான்டி! கடையில வச்சு வாயத் தொறக்காத—”

“தொறக்காம எப்படிம்மா பேச? இணைப்பத்தான் நிறுத்தி வச்சிருக்காரே!”

மரியபுஷ்பம் மகளின் கையை அழுத்திப் பிடித்தாள். சோதனைக்காக நினைவகக் கடைக்காரர் அவர்களுடைய குடும்ப இணைப்பை நிறுத்தியிருந்தார். வாயால் பேசி வருடக்கணக்காயிற்று. இருவருக்கும் தொண்டை கரகரத்தது. ஒரு குடும்பம் என்றால் ஒரே கணினி. ஆளுக்கொரு நினைவுச்சில்லு, பிடரியில். ஒருவர் நினைத்தது மற்றவருக்கு எட்டிவிடும். தூத்துக்குடியில் எந்த வீட்டிலும் இப்போது பேச்சுச் சத்தம் இல்லை.

“யக்கா, உங்க ரெண்டு பேருக்கும் புதுசு போட்டாலும் ஓட்டம் ஏறாது” என்றார் கடைக்காரர். “இருக்கதுல எது மெதுவோ, அந்த வேகத்துலதான் எல்லாம் ஓடும்.”

“அவருக்கும் புதுசு போடுங்க.”

“அவரு சில்லு பழசு, அது உக்காருற பிடரிக்குழியோட வெட்டே வேற. புதுசு உக்காராது. குழிய மாத்தணும்னா கத்தி வைக்கணும். இந்த வயசுக்கு எந்த டாக்டரு கை வைப்பாரு?”

திரையில் சிவப்பாக எழுதியிருந்தது: பொருந்தா உறுப்பு – ஒன்று.

“நாளைக்குத் துறைமுகப் பரீட்சை” என்றாள் ஜெசிந்தா. “பளுதூக்கிய நினைப்பாலயே நிறுத்தணும், ரெண்டு தடவையும் அரை நொடி பிந்திட்டேன். இது கடைசித் தடவைம்மா. இதுவும் போச்சுன்னா அந்த வேலைய நான் நினைச்சே பாக்க முடியாது.”

மரியபுஷ்பம் மகள் முகத்தையும் சிவப்பு எழுத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“கழத்திருங்க” என்றாள். “அவரு கிட்ட மெதுவா சொல்லிக்கிடலாம். ஒண்ணும் தெரியாம உக்காந்திருக்காரு, பாவம்.”

கடைக்காரர் சங்கடத்தோடு அவளுக்குப் பின்னால் பார்த்தார். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இணைப்பு நின்றால் அவருக்கு எதுவும் எட்டாது என்றே பழகிப்போயிருந்தாள். மனுசனுக்குக் காது இருப்பது மறந்தே போயிற்று.

மூன்றடி தள்ளி, ஸ்டூலில், அவள் புருஷன் சவரிமுத்து சட்டைக் காலரை மடித்துவிட்டு, பிடரியைக் காட்டியபடி குனிந்திருந்தார்.

“பிள்ள பரீட்சைதான் முக்கியம், கழத்தட்டும்” என்றார். “அதுக்குப் பொறவு வீட்லயும் இப்படி வாயால பேசுவியளா, புஷ்பம்?”