படுத்துப் பார்க்காத டிவி

டிவியை அணைத்துப் பத்து நிமிடமாகியும் சுகுமாறன் கண்ணைத் திறக்கவில்லை. தூங்கவும் இல்லை, மூடிய இமைக்குள்ளே விழி அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் மனைவி அமுதவள்ளி கட்டிலோரம் குனிந்து அதையே பார்த்தாள்.

மலேசியாவின் கிள்ளானில் லோரி ஓட்டியே முப்பது வருடம் காலம் தள்ளிய மனுஷன். பக்கவாதம் அடித்து எட்டு மாதமாகிறது. கை போச்சு, கால் போச்சு, பேச்சும் போச்சு, மிஞ்சியது கண் மட்டும்தான். ஒருதரம் மூடினால் ஆமா, இரண்டுதரம் மூடினால் இல்லை என்று ஆஸ்பத்திரியில் பழக்கிவிட்டிருந்தார்கள். அப்படி இருந்தவர் போன மாதம் ஒருநாள் கஞ்சி ஊட்டும்போது "அமு" என்றார். அவள் பேரில் பாதி! அன்றைக்கு அமுதவள்ளி அழுத அழுகையில் பக்கத்து வீட்டுத் தாமரை பயந்துபோய் ஓடிவந்தாள். பேச்சு காதில் விழுந்துகொண்டே இருந்தால் மீதிப் பாதியும் வந்துவிடாதா என்ற ஆசையில்தான் இந்த டிவியை வாங்கினாள். இருபத்துநாலு இஞ்சு, எச்டி, விலை நானூறு வெள்ளிகூட இல்லை.

சும்மா வாங்கிவிடுகிறவளா அவள்? ஷா ஆலம் ஃபேக்டரியில் இருபது வருடமாகச் சாமானின் தரம் பார்க்கும் கியூசி வேலை. கத்தரிக்காயைக்கூட நாலு பக்கமும் திருப்பிப் பார்ப்பாள். டிவியைக் கட்டிலுக்கு எதிரே உயரத்தில் மாட்டச் சொல்லி, நாற்காலி மேல் ஏறி நின்று கரும்புள்ளி இருக்கிறதா என்று தேடினாள், இடப்பக்கம் வலப்பக்கம் நின்று நிறம் பார்த்தாள். சத்தம் தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருந்தது; இந்த விலைக்கு அது போதும் என்று பாஸ் போட்டாள். மறுநாளிலிருந்து வேலைக்குக் கிளம்பும்போது, "நல்லா தெரியுதாங்க? ஓடட்டுமா?" என்று கேட்பாள். அவர் கண்ணை மூடுவார். ஒருதரம். ஆமா. அவளும் மாற்றுச் சாவி வைத்திருக்கும் தாமரையிடம் அவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, திருப்தியாக பஸ் பிடிக்க ஓடுவாள்.

அதற்கப்புறம் "அமு" வரவே இல்லை. மூச்சு வேறு கனத்துப்போச்சு. மார்பில் நீலமாகத் திட்டுத்திட்டாக ஏதோ தெரிந்தது. ரத்தக்கட்டு, சளி என்று கிளினிக்கில் மருந்து கொடுத்து அனுப்பினார்கள்.

இன்றைக்கு ஏழாம் நாள். பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்க இதுதான் கடைசி. நாலு மணிக்குக் கடை ஆள் வந்து கேட்பான்.

"ஏங்க, சொல்லுங்க. டிவிய வச்சுக்கலாமா?" என்று கேட்டபடி டிவியை மறுபடி போட்டாள்.

அவர் இமையை இன்னும் இறுக்கினார். ஓரத்தில் கண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. ஆமா என்கிறவர் மூடிவிட்டு உடனே திறப்பாரே. இவர் திறக்கவே இல்லையே. இந்த ஆறு நாளும் திறந்தாரா? அவள்தான் நின்று பார்க்காமல் ஓடிவிட்டாளே!

வெளியே மழை பிடித்துக்கொண்டது. மூன்றரை மணிக்கே அறை இருட்டிக்கொண்டு வர, நனைந்த சிமெண்டு வாடையும் தைலமும் மூத்திரப் பையின் நெடியும் புது பிளாஸ்டிக்கின் சூடும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறின, தகர டப்பாவுக்குள் யார் கல்யாணத்துக்கோ நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாப் பக்கமும் நின்று பார்த்தவள் ஒரே ஓர் இடத்திலிருந்து மட்டும் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அவர் பக்கத்தில் ஒண்டிப் படுத்தாள். தலையணையில் தலை வைத்து நிமிர்ந்து பார்த்தாள்.

கறுப்பெல்லாம் வெள்ளை, வெள்ளையெல்லாம் கறுப்பு. ச்சே, இவ்வளவுதானா! மலிவு ஸ்க்ரீன், கீழேயிருந்து பார்த்தால் நிறம் தலைகீழாகும். தொழில் தெரிந்தவள் இதைக் கோட்டை விட்டேனே என்று சிரிப்பே வந்தது.

அப்புறம்தான் கவனித்தாள். அது கல்யாண மண்டபம் இல்லை.

இந்த அறை. இந்தக் கட்டில். கட்டிலில் இரண்டு பேர்.

அவர் மார்பின் மேல் ஒன்று குந்தியிருந்தது.

திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் அவர் மட்டும்தான். மார்பில் ஒன்றுமில்லை. ஆனால் போர்வை அழுந்தியிருந்தது. இரண்டு குழி. குதிகால் அளவு.

மறுபடி டிவி.

அது இப்போது அவள் பக்கம் திரும்பியிருந்தது. ஒரு காலைத் தூக்கியது. மெதுவாக. அவளுக்கு மேல் வைத்தது.

கனம்.

ஐயோ என்று கத்தினாள். வாய் அசையவில்லை. கை வரவில்லை. விரல்கூட. காதோரம் அவர் மூச்சு மட்டும் கேட்டது. அதில் ஏதோ ஒன்று முட்டி மோதி வெளியே வரப் பார்த்தது. "அ..." அவ்வளவுதான்.

சாவி திரும்பும் சத்தம். தாமரை! மாரியாத்தா, தாமரை வந்துட்டா!

"அக்கா? அடடே, அண்ணேகூட சேந்து டிவியா? நல்லாத்தான் இருக்கு லா!" தாமரை குடையை உதறினாள். "கடை ஆளு கீழ நிக்கிறாரு. டிவிய எடுத்துட்டுப் போகணுமா, வேணாமான்னு கேக்குறாரு. வச்சுக்கிறீங்களா?"

அமுதவள்ளி அவளைப் பார்க்க விழியைத் திருப்பினாள். தாமரைக்கும் அவளுக்கும் நடுவே, மூக்கு மேல் மூக்கு உரசுகிற தூரத்தில், குளிர்ந்த மூச்சோடு அது குனிந்தது.

பார்க்க முடியவில்லை. கண்ணை மூடினாள்.

திறக்கணும். திறந்து இன்னொருதரம் மூடணும். இரண்டுதரம். இல்லை என்று சொல்லணும். இமையில் ஏதோ ஈரமாகப் பட்டது. திறக்க முடியவில்லை.

"பாருங்களேன், அண்ணே மாதிரியே கண்ண மூடி ஆமாங்கிறீங்க!" தாமரை சிரித்தாள். "சரி, அவரப் போகச் சொல்லிடறேன். நீங்க பாருங்க."

டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டுப் போனாள். கதவு சாத்திச் சாவி திரும்பியது. நாதஸ்வரம் முடிந்து எல்லாரும் கைதட்டினார்கள். கட்டிலில் இரண்டு பேரும் கண்ணை இறுக்க மூடிக் கிடந்தார்கள். இரண்டு மார்பிலும் போர்வை குழி விழுந்திருந்தது.