பன்னிரண்டாவது கிழவர்

சனிக்கிழமை ஒத்திகைக்கு வந்திருந்தவர்கள்: ஜன்னலோரம் மடக்கு நாற்காலிகளில் வரிசையாகப் பதினொரு கிழவர்கள், அதாவது நாடகத்தில் கிழவர்கள். மேசைக்குப் பின்னால் டைரக்டர். மேடைப் படியில் ராணி. மற்ற நாட்களில் மருந்துக்கடைக்காரி. பன்னிரண்டாவது நாற்காலி காலி. வெளியே அடைமழை.

மழைக்குக் கதவோரம் ஒதுங்கினான் லிஃப்ட் மெக்கானிக்.

"தம்பி, சும்மாதானே நிக்கிறீங்க? வந்து உக்காருங்க!" டைரக்டர் பிடித்து இழுத்துவிட்டார்.

பழைய கிரேக்க நாடகம். ராஜா போருக்குப் போய்ப் பத்து வருஷம். நாட்டை நடத்துவது ராணி. மலைக்கு மலை ஏற்றிய தீயால் சேதி வர, எதிரியின் ஊர் விழுந்துவிட்டது என்று அவள் அறிவிக்கிறாள். நாடகத்தின் கோரஸான கிழவர்கள் ஒரே குரலில் கேட்கிறார்கள்: "கனவு கண்டீரோ, அம்மணி?"

"சார்... ஒரு சந்தேகம்," என்றான் மெக்கானிக். "மலைக்கு மலை தீ ஏத்தி சேதி வரவழைச்சது யாரு?"

"ராணிதான்."

"அப்புறம் இந்தப் பெருசுங்களுக்கு என்ன கேடு? நம்ப வேண்டியதுதானே?"

ராணி நிமிர்ந்து பார்த்தாள். மழைத்துளி சொட்டும் அவன் புருவம்... அதன் கீழே நிஜமாகவே கோபப்பட்ட இரண்டு கண்கள். ஐயோ, எனக்காகக் கோபப்பட ஒரு ஆள்!

நாலு சனிக்கிழமை வந்தான். மழை இல்லாத நாளிலும் வந்தான்.

ஐந்தாவது வாரம் டைரக்டர் ராணியிடம் ஒரு காகிதத்தை நீட்டினார். 'ராணி அதிகாரம் செய்கிறார். நேரத்துக்கு வா என்கிறார். வசனத்தைத் தனித்தனியாகச் சொல்லச் சொல்கிறார். வேறு ஆளைப் போடவும்.' கீழே பன்னிரண்டு கையெழுத்து.

பன்னிரண்டு!

"படிச்சுட்டுத்தான் போட்டீங்களா?" மெக்கானிக்கை மடக்கிக் கேட்டாள்.

"படிச்சேன்... எல்லாரும் போட்டாங்க. கோரஸ்ல தனிக்குரல் கூடாதுன்னு டைரக்டர்தான்..."

"அது நாடகத்துலய்யா! இது எதுல?"

அவளுக்கு அழுகை வந்தது. அதைவிட எரிச்சல் வந்தது. ராணி வேஷம் போனால் போகட்டும். அந்த ஒரு ஆள்... அவனுமா அந்தக் கும்பலில் கரைய வேண்டும்?

அடுத்த ஒத்திகையில், "கனவு கண்டீரோ" வந்தபோது பதினொரு குரல்தான் கேட்டது. மெக்கானிக் எழுந்து போய், மேசையிலிருந்த காகிதத்தில் தன் கையெழுத்தை அடித்தான்.

"அவங்க சொன்னது அத்தனையும் நியாயம். எனக்கு அப்பவே தெரியும். பயந்துட்டேன்."

"என்னப்பா, ராணியம்மா சொக்குப்பொடி போட்டாச்சா?" என்றார் மூத்த கிழவர். கிழவர்கள் சிரித்தார்கள், அதுவும் ஒரே குரலில்.

"கோரஸ்ல இருந்துக்கிட்டுத் தனியாப் பேசக்கூடாது!" டைரக்டர் மேசையைத் தட்டினார்.

"அப்ப நான் கோரஸ்ல இல்லைங்க சார்." காதெல்லாம் சிவக்க வெளியே போய்விட்டான்.

ஒருத்தர் விலகிய மனு இனி செல்லாது என்று டைரக்டர் காகிதத்தைக் கிழித்தார். வேஷம் தங்கியது. ஆனால் ஒரு வாரம் ஆயிற்று, மனுஷன் எட்டிப் பார்க்கவில்லை!

"வீரமாப் பேசினா மட்டும் போதுமா? வந்து நிக்க வேண்டாமா?" ராணியின் வீட்டில் பாத்திரங்கள் உருண்டன.

"நீ போய்ச் சொல்லேன் அக்கா," என்றாள் தங்கை. "பதினொரு பேரை அதட்டுறே. ஒருத்தர்கிட்ட நாக்கு ஒட்டிக்குதா?"

ராணி பேனாவை எடுத்தாள்.

'லிஃப்ட் மெக்கானிக் அவர்களுக்கு, வணக்கம். நலம். பதினொரு கையெழுத்து எனக்கு உறைக்கவில்லை. உங்கள் ஒரு கையெழுத்துக்கு இரண்டு நாள் சாப்பிடவில்லை. அதை நீங்கள் அடித்த அன்று தூங்கவில்லை. இதற்குமேல் விளக்கிச் சொன்னால்தான் புரியும் என்றால் உங்களைப் போல மக்கு கிடையாது. ஆனாலும் சொல்கிறேன்: எனக்கு உங்களைப் பிடித்திருக்கிறது. மிகவும். ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு என் மருந்துக்கடை வாசலில் நிற்பேன். தாமதம் எனக்குப் பிடிக்காது.'

"கடைசி வரியை எடுத்துடேன் அக்கா, மிரண்டுடப் போறார்..."

"மிரள்ற ஆளா இருந்தா இப்பவே தெரிஞ்சுடட்டும்."

மடித்தாள். உறையில் போட்டு, பசை தடவி, நாலு மூலையும் அழுத்தினாள். அவன் கம்பெனி விலாசத்தைக் கொட்டை எழுத்தில் எழுதினாள். தெருமுனைத் தபால்பெட்டிக்குள் கையை முக்கால்வாசி விட்டு... கண்ணை மூடிக்கொண்டு போட்டாள்.