மூன்று தட்டினால் நிறுத்து

பக்கெட்டின் பற்கள் தரையைத் தொடவில்லை.

நான்கு விரல் அகல இடைவெளி, அவ்வளவுதான். ஷெட்டின் பக்கக் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பிய ஆபரேட்டரின் கண்ணில் முதலில் பட்டது அதுதான். பன்னிரண்டு நாளைக்கு முன்னால் ஃபோர்மேன் மண் அள்ளும் இந்த லோடரை இங்கே நிறுத்தி, பக்கெட்டைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து, பேட்டரியைக் கழற்றித் தன் அறையில் பூட்டியபோது அவனும் கூடவே நின்றிருந்தான். சுற்றிலும் கட்டிய சிவப்பு நாடா அறுபடாமல் இருந்தது.

கண்தான் ஏமாற்றுகிறது என்று முடிவு செய்தான். வெளியே ஞாயிற்றுக்கிழமை மதிய வெயில் கொளுத்தியது. தகரக் கூரை சூட்டில் முறுக்கிக்கொண்டு அங்கங்கே 'டிக்'கென்று தெறிக்கும் ஒலியும், பழைய கிரீஸும் எண்ணெயும் கலந்த வாடையும், அதற்கு அடியில், பக்கெட்டுக்கு முன்னால் தரையில் பரப்பியிருந்த மரத்தூளிலிருந்து மெல்லக் கிளம்பி மூக்கில் ஒட்டிக்கொள்ளும் வேறொரு வாடையும் சேர்ந்து ஷெட்டை நிரப்பியிருந்தன.

அந்த மரத்தூள் கிடந்த இடத்தில்தான் அவன் மச்சான் பக்கெட்டுக்கு அடியில் நசுங்கிச் செத்தான். மனைவியின் ஒரே தம்பி. யார்டில் வண்டிகளைப் பழுதுபார்க்கும் ஃபிட்டர்.

பக்கெட்டுக்குக் கீழே வேலை பார்க்கும் ஃபிட்டரின் குரல் இன்ஜின் சத்தத்தில் கேபினுக்கு எட்டாது. அதனால் ஸ்பேனரால் பக்கெட்டைத் தட்டுவார்கள். ஒரு தட்டு என்றால் மடக்கு. இரண்டு என்றால் சாய். மூன்று என்றால் நிறுத்து. அன்று மச்சான் இரண்டு தட்டினான். இவன் லிவரை முன்னே தள்ளினான். பக்கெட் சாய்ந்தது. மூன்று தட்டு கேட்டது. தெளிவாகக் கேட்டது. ஆனால் அதற்குப் பத்து நிமிடம் முன்னால்தான் டிரைவர்கள் கூட்டத்துக்கு நடுவில் மச்சான் சொல்லியிருந்தான்: "எங்க மாமா லிவரைப் பிடிச்சா பக்கெட்டுக்கே தூக்கம் வந்துடும்." எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

பயல் கொஞ்சம் பயந்து குதிக்கட்டும் என்றுதான் நினைத்தான். ஒரே ஒரு விநாடி லிவரை விடாமல் பிடித்திருந்தான்.

எல்லோரிடமும் சொன்ன கதை வேறு. லிவரைத் தொடவே இல்லை, சிலிண்டருக்குள் எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் சீல் கிழிந்து பக்கெட் தானாகக் கவிழ்ந்துவிட்டது என்றான். நாளைக் காலையில் கம்பெனி இன்ஜினியர் வந்து சிலிண்டரைத் திறக்கப் போகிறார். உள்ளே சீல் முழுசாக இருந்தால் இவன் கதை கந்தல். ஆகவேதான் இந்த ஞாயிற்றுக்கிழமை. ஆகவேதான் சீலைக் கிழிக்க இடுப்பில் பிளேடு.

கேபினில் ஏறினான். இன்ஜின் நின்றிருந்தாலும் குழாய்களுக்குள் அழுத்தம் தங்கியிருக்கும். லிவரை முன்னும் பின்னும் ஆட்டி அதை வெளியேற்றாமல் எதிலும் கை வைக்கக் கூடாது. மச்சான் சொல்லிச் சொல்லிப் பழக்கியது. நான்கு முறை ஆட்டினான். லிவர் செத்த மீன் போலத் தொளதொளத்தது. இறங்கியபோது பின்னால் சீட்டின் மெத்தை மெல்ல மூச்சு விட்டு எழும்பிய சத்தம் கேட்டது.

பக்கெட்டைக் கடக்கும்போது பார்த்தான். நான்கு விரல் இல்லை. ஒரு சாண்.

சீல் கசிந்தால் பக்கெட் தன் கனத்தால் முன்னே கவிழும்; அது இயற்கை. படுத்த பக்கெட் மேல்நோக்கி மடங்க வேண்டுமானால் இன்ஜின் ஓட வேண்டும், பம்ப் எண்ணெயைத் தள்ள வேண்டும், ஒருவன் உட்கார்ந்து லிவரைப் பின்னால் இழுக்க வேண்டும். அப்போதுதான் எண்ணெய் சிலிண்டரின் அடிப்பக்கம் புகுந்து தண்டை வெளியே தள்ளும். நடுவில் அச்சில் ஆடும் கனத்த இரும்பின் மேல்முனையைத் தண்டு முன்னே தள்ள, கீழ்முனை பின்னால் வந்து பக்கெட்டை இழுக்கும். விரித்த உள்ளங்கை மூடுவது போல.

இங்கே இன்ஜின் இல்லை. பேட்டரி இல்லை. ஆளும் இல்லை.

சூட்டில் எண்ணெய் விரிந்திருக்கும் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டான். அது பொய் என்று அவனுக்கே தெரியும்.

வேலையை முடித்துவிட்டு ஓடிவிட வேண்டும். சிலிண்டரைத் திறக்க, தண்டைப் பிடித்திருக்கும் இரும்புப் பின்னைத் தட்டிக் கழற்ற வேறு வழியில்லை. பக்கெட்டின் முதுகுக்கும் லோடரின் தூக்கும் கைகளுக்கும் இடையே இருந்த சந்தில் இடுப்புவரை இறங்கி நின்றான். இரும்பு சுட்டது. பின்னின் போல்ட்டில் ஸ்பேனரைக் கொடுத்தான்.

'டங்.'

ஒரே ஒரு தட்டு.

கூரைதான். கூரை டிக்கென்று தெறிக்கும். இது அந்த ஒலி இல்லை. இது பக்கெட்டுக்கு உள்ளேயிருந்து வந்தது.

எங்கோ குழாயில் எண்ணெய் நகர்ந்தது. முழங்காலில் பக்கெட்டின் முதுகு வந்து தொட்டது. மெதுவாக. பூனை உரசுவது போல.

ஏறப் பார்த்தான். கால் வரவில்லை.

'டங்.'

தொடையில் இறுக்கம். வலி இன்னும் இல்லை. கனம் மட்டும். வேர்வை கண்ணில் இறங்கியது. ஸ்பேனரை ஓங்கிப் பக்கெட்டின் முதுகில் அடித்தான். ஒன்று. இரண்டு. மூன்று.

நின்றது.

அப்போதுதான் பக்கக் கதவு திறந்திருப்பதைப் பார்த்தான். வெயிலின் சட்டத்துக்குள் மனைவி. யார்டில் ரிவர்ஸில் வரும் வண்டிகளுக்குக் கை காட்டி வழி சொல்வது அவள் வேலை. பன்னிரண்டு நாளாக வேலைக்குப் போகவில்லை, அவனோடு முகம் கொடுத்துப் பேசவும் இல்லை. இன்று வேலைக்குப் போடும் அந்த ஆரஞ்சு மேற்சட்டையைப் போட்டிருந்தாள்.

"கால் மாட்டிக்கிச்சு. ஜாக்கி எடுத்துட்டு வா."

அவள் வரவில்லை. அவன் இடுப்பிலிருந்த பிளேடைப் பார்த்தாள். பின்னைப் பார்த்தாள். மரத்தூள்மேல் நடந்து வந்து நின்றாள்.

"அன்னிக்கு என் தம்பி எத்தனை தட்டு தட்டினான்?"

"சீல் கிழிஞ்சு…"

'டங்.'

எலும்புவரை இறங்கியது. கத்தினான். கத்தல் தகரத்தில் மோதித் திரும்பியது.

"எத்தனை?"

"மூணு." அழுதான். "மூணு தட்டினான். கேட்டுச்சு. ஒரு செகண்டுதான்… ஒரே ஒரு செகண்டு…"

அவள் தலையை அசைத்தாள். முகத்தில் ஆச்சரியம் இல்லை.

ஸ்பேனரால் தட்டினான். ஒன்று. இரண்டு. மூன்று. மறுபடியும் மூன்று. மறுபடியும்.

கழுத்தைத் திருப்பிக் கேபினைப் பார்த்தான். கண்ணாடிக்குப் பின்னால் யாரும் இல்லை. சீட்டின் மெத்தை மட்டும் நடுவில் அமுங்கியிருந்தது. லிவர் தொளதொளக்கவில்லை. விறைப்பாக நின்றது. பின்னால் சாயத் தயாராக.

அவள் அவன் முகத்தைப் பார்க்காமல் பக்கவாட்டில் இரண்டடி நகர்ந்தாள். கேபினிலிருந்து நன்றாகத் தெரியும் இடம். வலது கையை உயர்த்தினாள். தினமும் வண்டிகளுக்குக் காட்டுவது போலவே, அவசரமே இல்லாமல், விரல்களை உள்ளங்கைக்குள் மடக்கினாள்.

வா. வா. இன்னும் கொஞ்சம். வா.